சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சந்தேகம்: பி.இ. நாலு வருஷத்துல உள்ளே என்னதான் நடக்குது?

அம்மாபேட்டை_தறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நமக்குத் தறி ஓட்டுறது தொழில். பொண்ணு அரசுப் பள்ளியில தமிழ் வழியில பிளஸ் டூ முடிச்சிருக்கு. கட்ஆஃப் 200க்கு 171. கலந்தாய்வுக்குப் பதிவு பண்ணியாச்சு, அரசுப் பள்ளிப் பசங்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டுலயும் பேர் இருக்கு. எங்க குடும்பத்துல காலேஜ் போகப்போற முதல் ஆள் இவதான்.

யாரைக் கேட்டாலும் "எந்தக் காலேஜு, எந்தக் குரூப்பு" இதை மட்டுந்தான் பேசுறாங்க. உள்ளே போனதுக்கப்புறம் நாலு வருஷம் என்ன நடக்கும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. பக்கத்து வீட்டுத் தம்பி "முதல் வருஷம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா"ங்கிறான். ஒண்ணுதான்னா குரூப்பு எதுக்கு இப்பவே எடுக்கச் சொல்றாங்க? ஒரு காலேஜ்ல குடுத்த தாள்ல 3-0-0-3, 0-0-4-2ன்னு பாவுக் கணக்கு மாதிரி கட்டங்கட்டமா நம்பர் போட்டிருக்கு. அது என்னன்னும் புரியல.

பொண்ணு ஒரு நாள் உலோகவியல்னு சொல்ற மெட்டலர்ஜிங்குது, மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஈசிஇங்குது. சொந்தக்காரங்க கம்ப்யூட்டரைத் தவிர வேற எதையும் காதுல வாங்க மாட்டேங்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


உருக்காலைக்காரன் எழுதியது:

அண்ணே, அந்த நம்பர்ல முதல் மூணும் வாரத்துல எத்தனை பீரியடுன்னு சொல்லுது. பாடம் எத்தனை, டுட்டோரியல்ங்கிற பயிற்சி வகுப்பு எத்தனை, லேப் எத்தனை, அந்த வரிசை. கடைசி நம்பர் கிரெடிட். வாரம் ஒரு பீரியட் பாடமோ டுட்டோரியலோ நடந்தா ஒரு கிரெடிட். லேப்ல ரெண்டு பீரியட் நின்னாத்தான் ஒரு கிரெடிட். அதனாலதான் 0-0-4க்கு 2. கணக்குப் பாடம் 3-1-0ன்னு இருக்கும், அதுக்கு 4. ஒரு பாடத்துல பாஸானா அதோட கிரெடிட் கணக்குல ஏறும், ஃபெயிலானா ஏறாது. எட்டு செமஸ்டரும் சேர்ந்து 160ஐ ஒட்டி வரணும். 2018ல மத்திய அரசோட தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் ஏஐசிடிஇ போட்ட மாதிரிப் பாடத்திட்டம் 160ன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் வந்தது எல்லாம் அதைச் சுத்தித்தான். பிரிவுக்குப் பிரிவு கொஞ்சம் கூடும் குறையும்.

முதல் வருஷம் ஒண்ணுதான்னு அந்தத் தம்பி சொன்னது முக்கால்வாசி சரி. அண்ணா யுனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன்ல, அதாவது விதிமுறையில, இங்கிலீஷ், மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், இன்ஜினியரிங் கிராபிக்ஸ், ஒர்க்‌ஷாப். மெட்டலர்ஜிக்காரனும் பைத்தான் படிக்கணும், கம்ப்யூட்டர்காரனும் ஒர்க்‌ஷாப்ல ரம்பம் பிடிக்கணும். ஆனா ரெண்டாவது செமஸ்டர்லயே பிரிய ஆரம்பிச்சிடும். அதுல வர்ற பிசிக்ஸ் பிரிவுக்கு ஏத்த மாதிரி மாறும். மூணாவது செமஸ்டர்ல இருந்து முழுக்க உங்க துறைதான். ஆளு யாருன்னு அங்கதான் தெரியும்.

என் தனிப்பட்ட கருத்து: பேரைப் பார்த்து எந்தப் பிரிவையும் எடுக்காதீங்க. 3, 4, 5 இந்த மூணு செமஸ்டர் பாட லிஸ்டை மட்டும் எடுத்து பொண்ணு முன்னாடி வையுங்க.


கடைசிபெஞ்ச்_செம்7 எழுதியது:

அங்கிள், நான் இப்போ ஃபைனல் இயர். சிலபஸ் பத்தி பெரியவங்க சொல்லுவாங்க. நான் மார்க் பத்தி சொல்றேன், ஏன்னா அதை யாரும் முதல் செம்ல சொல்றதில்ல, அடிபட்டுத்தான் தெரிஞ்சுக்கிறோம்.

2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல், அதாவது காலேஜ்லயே போடுற மார்க், 40, செமஸ்டர் எக்ஸாம் 60. லேப்புக்குத் திருப்பி, இன்டர்னல் 60, எக்ஸாம் 40. தியரி எக்ஸாம் 100 மார்க்குக்கு நடக்கும், அதை 60க்குச் சுருக்குவாங்க. மொத்தத்துல 50 வரணும், அதோட எக்ஸாம்ல தனியா 45 சதவீதம் எடுத்தே ஆகணும். கணக்குப் போட்டுப் பாருங்க. இன்டர்னல் 30 இருந்தா எக்ஸாம்ல 100க்கு 45 போதும், பாஸ். இன்டர்னல் 15தான்னா அதே பாஸுக்கு 59 எடுக்கணும். அந்த 14 மார்க் வித்தியாசத்துலதான் பாதிப் பேர் அரியர் வைக்கிறான்.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம். 65க்கு மேல இருந்து உடம்பு சரியில்லன்னு சர்டிபிகேட் இருந்தா மன்னிப்பாங்க. அதுக்குக் கீழ போனா பரீட்சையே எழுத முடியாது, அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்கணும். அரியர் வெச்சா அடுத்த செமஸ்டர்ல சேர்த்து எழுதலாம். எல்லாத்தையும் முடிக்க மொத்தம் 14 செமஸ்டர், அதாவது 7 வருஷம் டைம் உண்டு. ஆனா யாரும் அந்த 7 வருஷத்தை நம்பி உட்காராதீங்க. கம்பெனிக்காரன் முதல்ல கேக்குறதே "ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?"தான்.


ஓசூர்_மெஷின்ஷாப் எழுதியது:

நாங்க எழுதும்போது இன்டர்னல் 20, எக்ஸாம் 80. ரெண்டு மார்க் கேள்வி பத்து, பதினாறு மார்க் கேள்வி அஞ்சு. ஒரு பதினாறு மார்க் தெரியலன்னா அவ்வளவுதான், கண்ணு இருட்டிரும். இப்போ பதிமூணு மார்க் அஞ்சு, பதினைஞ்சு மார்க் ஒண்ணுன்னு கேள்விப்பட்டேன். குடுத்து வெச்ச பசங்க.


கடைசிபெஞ்ச்_செம்7 எழுதியது:

அண்ணா அந்த பதினைஞ்சு மார்க்தான் புக்ல இல்லாத கேள்வி. வந்து எழுதிப் பாருங்க.


வகுப்பறை_ஓரம் எழுதியது:

ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், ஊர் பேர் வேண்டாம். மேலே தம்பி சொன்ன மதிப்பெண் கணக்கு சரி. ஆனால் இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகள் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும். 2013, 2017, 2021, 2025 என்று வந்தன. உங்கள் மகள் எந்த வருடம் சேருகிறாளோ அந்த வருடத்து மாணவர்களுக்கு எது என்று இருக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும் அவளுக்கு. மூத்த மாணவர்கள் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, தன்னாட்சிக் கல்லூரி. சேலம் பக்கத்தில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி தன்னாட்சி, சோனா கல்லூரியும் தன்னாட்சி. அப்படியென்றால் பாடத்திட்டத்தை அவர்களே வகுப்பார்கள், கேள்வித்தாளும் அவர்களுடையது, திருத்துவதும் அவர்கள். பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் பேரில் வரும். மற்ற இணைப்புக் கல்லூரிகளில் கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. தன்னாட்சியில் ஒரு நல்லது உண்டு: தொழிலில் ஏதாவது மாறினால் அடுத்த வருடமே பாடத்தில் கொண்டுவந்துவிடலாம். கெட்டதும் அதுவேதான், ஏனென்றால் பாடம் நடத்துகிறவரே கேள்வியும் எடுத்தால் எந்த ஐந்து கேள்வி வரும் என்று பையன்களுக்குத் தெரிந்துபோகும். கல்லூரியில் ஆள் எப்படி என்பதைப் பொறுத்தது. ஆகவே தன்னாட்சி என்றால் உசத்தி என்றோ மட்டம் என்றோ ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன்.

முதல் வருடத்தில் தமிழிலேயே இரண்டு பாடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: முதல் செமஸ்டரில் தமிழர் மரபு, இரண்டாவதில் தமிழரும் தொழில்நுட்பமும். ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட்.


சில்க்போர்டு_டிராஃபிக் எழுதியது:

எல்லாரும் அழகா கிளாஸ் எடுக்கறீங்க. நான் உண்மையைச் சொல்றேன். நான் மெக்கானிக்கல். தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எல்லாம் படிச்சேன். இன்னைக்கு பெங்களூர்ல ஜாவா எழுதிட்டிருக்கேன். என் டீம்ல சிவில் ஒருத்தன், எலக்ட்ரிக்கல், அதான் ட்ரிபிள்இ, ரெண்டு பேர். ஏழாவது செம் ஆரம்பத்துல கம்பெனி வருவான், ஆப்டிட்யூட் வைப்பான், கொஞ்சம் கோடிங் கேப்பான், எடுத்துட்டுப் போவான். எட்டாவது செம் புராஜெக்ட், அதையும் பாதிப் பேர் விலைக்கு வாங்குறான். அப்புறம் என்ன பெரிய பாடத்திட்டம்? கம்ப்யூட்டர் கிடைச்சா கம்ப்யூட்டர், இல்லன்னா கிடைச்சதை எடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்து கோடிங் கத்துக்கச் சொல்லுங்க.


உருக்காலைக்காரன் எழுதியது:

நீ விரும்பாத பிரிவைப் படிச்சதுக்கு மத்தவங்களையும் ஏம்ப்பா சேர்த்து இழுக்குற.


வகுப்பறை_ஓரம் எழுதியது:

சில்க்போர்டு தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோடிங் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாவது செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்கிரீட் மேத்ஸ். நான்காவதில் அல்காரிதம், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம். ஐந்தாவதில் நெட்வொர்க்ஸ், கம்பைலர். நேர்காணலில் கேட்கிற முக்கால்வாசி இந்த ஒன்றரை வருடத்துப் பாடம். மெக்கானிக்கல் படித்த நீங்கள் அதைத் தனியாக உட்கார்ந்து படித்தீர்கள், அந்த உழைப்பை நீங்களே சொல்லாமல் விடுகிறீர்கள்.

இன்னொரு குழப்பமும் இப்போது புதிதாக வந்திருக்கிறது. ஏஐ டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐஓடி என்று ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் வகையிலேயே நாலைந்து பிரிவு. பாடப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் நாலு செமஸ்டர் பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் ஐந்தாவதுக்கு மேல். பேருக்காக அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியதில்லை.

புராஜெக்ட் விலைக்கு வாங்குவது நடக்கிறது. 2021 விதிமுறையில் எட்டாவது செமஸ்டரில் அதற்கு 10 கிரெடிட். மூன்று தியரிப் பாடத்துக்கு மேல் கனம். அதை வாங்கி வைக்கிற பையன், படிப்பிலேயே தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்கக் கிடைத்த ஒரே இடத்தை விற்றுவிடுகிறான்.


செவ்வாப்பேட்டை_அக்கா எழுதியது:

அண்ணா, நானும் தமிழ் மீடியத்துல இருந்து போய் ஈசிஇ படிச்சவ. பொண்ணுக்கு முதல் செமஸ்டர்ல என்ன ஆகும்னு சொல்றேன், பயப்படுத்த இல்ல.

மேத்ஸ் கிளாஸ்ல சார் மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ், இன்டெக்ரல்னு எழுதுவாரு. பிளஸ் டூல அணி, வகைக்கெழு, தொகையீடுன்னு போட்டதுதான், ஆனா இங்கிலீஷ்ல வேகமா வர்றப்ப நம்மளுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணுன்னு மிரட்டும். பிளஸ் டூ மேத்ஸ் புக் இங்கிலீஷ் மீடியம் ஒண்ணு வாங்கி, ஒரே பாடத்தை ரெண்டு புக்லயும் பக்கத்துல வெச்சு லீவுலயே பார்த்துடச் சொல்லுங்க. பாதி பயம் அதுல போயிடும்.

கணக்கை விட இன்ஜினியரிங் கிராபிக்ஸ்தான் நம்ம பசங்களைப் படுத்தும். ஈஜின்னு சொல்லுவாங்க. ஒரு அறுகோணக் கூம்பகம், அதோட அடிவிளிம்பு தரையில ஒட்டியிருக்கு, அச்சு தரைக்கு 45 டிகிரி சாஞ்சிருக்கு, மேலிருந்து பார்த்தா எப்படி, முன்னாடி இருந்து பார்த்தா எப்படி, வரை. அவ்வளவுதான் கேள்வி. டிராஃப்டர்ங்கிற வரையுற கருவியை போர்டுல மாட்டி, முதல்ல நிமிர்த்தி வரைஞ்சு, அப்புறம் சாச்சு வரைஞ்சு, ஒவ்வொரு மூலையில இருந்தும் கீழ கோடு இறக்கணும். கண்ணுக்குத் தெரியாத விளிம்பை எல்லாம் இடைவெளி விட்டு விட்டுக் கோடாப் போடணும். ஒரு மூலைக்குப் பேர் மாத்தி எழுதிட்டா மொத்தப் படமும் கோணிக்கும். நான் சோப்புக் கட்டியைச் செதுக்கிக் கூம்பகம் பண்ணி மேசை மேல சாச்சு வெச்சுப் பார்த்துத்தான் பழகினேன். பசங்க சிரிச்சாங்க, அப்புறம் அவங்களும் சோப்பைக் கேட்டு வந்தாங்க.

ஈசிஇ பத்திக் கேட்டா, மூணாவது செம்ல சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், நாலாவதுல எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ். ரெண்டும் முழுக்க மேத்ஸ். "எலக்ட்ரானிக்ஸ்னா போன் ரிப்பேர்"னு நினைச்சு வந்தவங்க அங்க கழண்டுடுவாங்க. பொண்ணுக்குக் கணக்கு பிடிக்குமான்னு கேளுங்க. மார்க் வாங்குதான்னு கேக்கல, பிடிக்குமான்னு கேக்குறேன்.

பணம் பத்தி: ஏழரை சதவீதத்துல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம், விடுதி, கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கும். ஆறுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளின்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாயும் வரும். அதையும் எழுதிப் போட்டுடுங்க.


அம்மாபேட்டை_தறி எழுதியது:

ரொம்ப நன்றிங்க அம்மா. சோப்பு விஷயத்தைப் பொண்ணு கிட்டப் படிச்சுக் காட்டினேன், சிரிச்சுது. அரசுப் பள்ளிதான், ஆறுல இருந்தே. உருக்காலைக்காரர் சார், மெட்டலர்ஜின்னா என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். பொண்ணுக்குப் போனா வேலை குடுப்பாங்களா? அனல்ல நிக்கணும்னு பயமுறுத்துறாங்க.


உருக்காலைக்காரன் எழுதியது:

அண்ணே, நான் கருப்பூர்லதான் மெட்டலர்ஜி படிச்சேன். 1966ல ஆரம்பிச்ச காலேஜ். இந்தப் பிரிவு தமிழ்நாட்டுலயே விரல் விட்டு எண்ணுற இடத்துலதான் இருக்கு. நம்ம ஊர்ல இருக்குறதுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். கஞ்சமலையில இரும்புத்தாது, ஊருக்கு வடக்கே மேக்னசைட், சேர்வராயன் மலையில பாக்சைட். செயில் உருக்காலை ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுது, பொட்டனேரியில ஜேஎஸ்டபிள்யூ. உலைக்குள்ள வைக்கிற செங்கல்லுக்கு மேக்னசைட்தான் மூலப்பொருள். பாடத்துல ரிஃப்ராக்டரின்னு வர்றது பஸ்ல போறப்ப ஜன்னல்ல தெரியுற ஊரு இது.

முதல் வருஷம் தாண்டினா உலோகத்தோட உள்கட்டமைப்பு, ஃபேஸ் டயகிராம், ஹீட் ட்ரீட்மென்ட், வார்ப்பு, வெல்டிங், துருப்பிடிக்கிறது ஏன்னு ஒரு பாடம். எனக்குப் பிடிச்ச லேப் மெட்டலோகிராபி. ஒரு சின்ன இரும்புத் துண்டை எமரி தாள்ல தேய்க்கணும். முரட்டுத் தாள்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தாளுக்கும் துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தின தாளோட கீறல் முழுசா மறையுற வரைக்கும். அப்புறம் சுத்துற துணியில அலுமினா பொடி போட்டு, மூஞ்சி தெரியுற அளவுக்குப் பளபளன்னு. அதை மைக்ராஸ்கோப்புல வெச்சா ஒண்ணுமே தெரியாது, வெறும் வெள்ளை. நைட்டால்ங்கிற அமிலத்துல சில நொடி முக்கி, ஆல்கஹால்ல கழுவி, காய வெச்சு மறுபடி வைங்க. இப்போ இரும்புக்குள்ள இருக்குற ரெண்டு வகைப் பகுதி, பெர்லைட் கறுப்புத் திட்டாவும் ஃபெர்ரைட் வெள்ளைத் திட்டாவும் பிரிஞ்சு நிக்கும். அந்தக் கறுப்பு எவ்வளவுன்னு பார்த்தே கார்பன் எவ்வளவுன்னு சொல்லிடலாம். ஒரு கீறல் மிச்சம் இருந்தாலும் மேடம் திருப்பி அனுப்பிடுவாங்க.

அனல்ல நிக்கிற வேலை இருக்கு, மறைக்கல. ஷிப்ட் இருக்கும். ஆனா தரம் பாக்குற லேப், பாகம் ஏன் உடைஞ்சதுன்னு பாக்குற ஃபெயிலியர் அனாலிசிஸ், வெல்டிங் சோதனை, ஓசூர் கோயம்புத்தூர் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி எல்லாத்துலயும் பொண்ணுங்க இருக்காங்க. சேர்ந்தவுடனே கம்ப்யூட்டர்காரங்க அளவு சம்பளம் வராது. கேட் பரீட்சை எழுதினா மேல்படிப்புக்கும் வழி இருக்கு, சில பொதுத்துறை நிறுவனம் அந்த ஸ்கோர் பார்த்தே ஆள் எடுக்குது. அதைக் கணக்குல எடுத்துத்தான் முடிவு பண்ணணும்.


ஓசூர்_மெஷின்ஷாப் எழுதியது:

என் வழியையும் சொல்லிடுறேன், இதைப் படிக்கிற வேற யாருக்காவது உதவும். நான் பத்தாவது முடிச்சு பாலிடெக்னிக். மூணு வருஷம் டிப்ளமோ. அதுக்கப்புறம் பி.இ.யில நேரா ரெண்டாவது வருஷம், அதாவது மூணாவது செமஸ்டர்ல சேரலாம். லேட்டரல் என்ட்ரி. ஈஜி, ஒர்க்‌ஷாப் எல்லாம் எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். அடி விழுறது மேத்ஸ்லதான். கிளாஸ்ல மத்தவன் எல்லாம் பிளஸ் டூவும் முதல் வருஷ மேத்ஸும் முடிச்சிருப்பான், நாம நேரா மூணாவது செம் மேத்ஸ்ல போய் நிப்போம்.

வேலைக்குப் போயிட்டே படிக்க சாயங்கால வகுப்பு பகுதிநேர பி.இ.யும் இருக்கு. டிப்ளமோ முடிச்சவங்களுக்கு, ஏழு செமஸ்டர், மூணரை வருஷம். கருப்பூர்லயே உண்டு. ஷிப்ட் முடிச்சு கிளாஸ்ல உட்கார்ந்தா தூக்கம் சொக்கும், ஆனா பாடத்துல வர்ற மெஷினைப் பகல்ல தொட்டவன் கேக்குற கேள்வியே வேற.


சில்க்போர்டு_டிராஃபிக் எழுதியது:

சரி சரி, எல்லாரும் என்னைத் திட்டி முடிச்சாச்சா. மெட்டலர்ஜி எடுத்தா கோடிங் பக்கம் வரவே முடியாதான்னு பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க?


வகுப்பறை_ஓரம் எழுதியது:

வரலாம். 2021 விதிமுறையில் முதல் வருடத்தில் பைத்தான் எல்லோருக்கும் உண்டு. பின்னால் ஓப்பன் எலக்டிவ் என்று வேறு துறைப் பாடம் எடுக்க இடம் இருக்கிறது, நான் முதல்வன் திட்டத்தில் திறன் பாடங்களும் வருகின்றன. மதிப்பெண் நன்றாக இருந்தால் கூடுதலாக 18 கிரெடிட் படித்து ஹானர்ஸ் அல்லது மைனர் என்கிற கூடுதல் தகுதி வாங்கலாம். ஆனால் தாளில் ஐம்பது எலக்டிவ் இருக்கும், கல்லூரியில் நடத்துவது இரண்டு மூன்றுதான். ஆசிரியர் இருக்க வேண்டும், எடுக்கிற மாணவர் எண்ணிக்கையும் சேர வேண்டும். கல்லூரிக்கு நேரில் போகும்போது "போன வருடம் ஐந்து, ஆறாம் செமஸ்டரில் எந்தெந்த எலக்டிவ் நடந்தது" என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் நல்ல துறை.


அம்மாபேட்டை_தறி எழுதியது:

வணக்கம், அப்பா ஐடியில நான்தான் எழுதுறேன். அஞ்சு ரோட்டுல போய் மெட்டலர்ஜி, ஈசிஇ, கம்ப்யூட்டர் மூணோட 3, 4, 5வது செமஸ்டர் சிலபஸும் பிரிண்ட் எடுத்துட்டு வந்து படிச்சேன். நிறையப் புரியல. ஆனா எதைப் படிக்கும்போது அடுத்த பக்கம் திருப்பணும்னு தோணுச்சுன்னு மட்டும் குறிச்சு வெச்சேன். கலந்தாய்வு விருப்பப் பட்டியல்ல முதல்ல கருப்பூர் மெட்டலர்ஜி, அடுத்து கருப்பூர் ஈசிஇ, அதுக்கப்புறம் மத்த காலேஜ் ஈசிஇ. கம்ப்யூட்டரைக் கடைசியில போட்டிருக்கேன், பெரியப்பா கோவமா இருக்கார். மைக்ராஸ்கோப்பு விஷயம் உண்மைதானே சார்? முதல் வருஷத்துலயே அந்த லேப் இருக்குமா?


உருக்காலைக்காரன் எழுதியது:

உண்மைதான் கண்ணு. முதல் வருஷத்துல இருக்காது. முதல்ல ஒர்க்‌ஷாப்ல அரம் பிடிச்சு இரும்புத் தகட்டை ராவச் சொல்லுவாங்க, ட்ரைஸ்கொயர்ங்கிற மூலைமட்டம் வெச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா இடுக்குல வெளிச்சம் தெரியக் கூடாது. அதுல கை பழகினா மெட்டலோகிராபியில எமரி தாள் சுலபம்.


வகுப்பறை_ஓரம் எழுதியது:

பட்டியலைப் பூட்டும் முன் ஒன்று கவனி அம்மா. அதிகம் எழுதுவதால் நஷ்டம் இல்லை. ஆனால் கிடைத்தால் போகவே மாட்டேன் என்கிற கல்லூரியைப் பட்டியலில் சும்மா சேர்க்காதே. கல்லூரிக் குறியீட்டு எண்ணை இரண்டு தடவை சரிபார், ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய.


கடைசிபெஞ்ச்_செம்7 எழுதியது:

டிராஃப்டர் புதுசு வாங்காதீங்க. முதல் வருஷம் முடிஞ்சதும் எல்லாரும் அட்டத்துல போட்டுடுவோம். என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு, ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் லூசு. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து வாங்கிக்கலாம்.


அம்மாபேட்டை_தறி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்க்ரூ நான் பார்த்துக்கிறேன், தறியில அதான வேலை. தனிச்செய்தியில எந்த நேரம்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைன்னா வசதி.